கண்ட்ரோல் ஃபைலில் தம்பி பெயர்

எங்கள் முதலாளிகள் இருவரும் உடன்பிறந்தவர்கள். அந்த ஒரு குறையைத் தவிர அவர்களுக்குள் வேறு தகராறு கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பம்புக்கும் வால்வுக்கும் இரும்பு வார்த்து, கடைந்து, விற்கிற கம்பெனி. வார்ப்படப் பட்டறை ஒரு பக்கம், கடைசல் பட்டறை ஒரு பக்கம். வருடக்கணக்காக ஒன்றாகத்தான் நடத்தினார்கள். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று ஆண்டு விழா மேடையில் அண்ணன் சொல்ல, தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு கல்யாணத்தில் யார் வீட்டுச் சம்பந்தியை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்று ஏதோ ஆரம்பித்து, வக்கீல் வரைக்கும் போய், பாகம் பிரிந்தது. அண்ணனுக்குக் கடைசல், தம்பிக்கு வார்ப்படம். நடுவில் ஒரு சுவர். சுவர் சைக்கிள் ஷெட்டின் குறுக்கே போனதால், இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கூரையும் அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தூண்களும் கிடைத்தன.

கிரேன், கம்ப்ரசர், ஜெனரேட்டர், கேன்டீன் கிரைண்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார்கள். டேட்டாபேஸை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. "அந்தப் பழைய குப்பை எனக்கு வேணாம், நான் புதுசா போட்டுக்குறேன்" என்று தம்பி பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். மொத்தக் குப்பையும் அண்ணன் பக்கம் வந்தது. குப்பையோடு நானும் வந்தேன்.

நான் அங்கே சிஸ்டம் மேடம். டேட்டாபேஸ் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஏ.சி. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீடு கடம்பத்தூரில். கடம்பத்தூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான், ஆனால் ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரு ரயிலில் சென்னைக்குள் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, இன்னொரு ரயிலைப் பிடித்துச் சென்னையை விட்டு வெளியே வர வேண்டும். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே வெளியூர் போய் வருகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

பாகம் பிரிந்து கொஞ்ச நாள் கழித்து அண்ணன் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் சிஸ்டம் திறந்திருந்தது. உள்ளே நுழையும்போது டேட்டாபேஸின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயர் அண்ணன் பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி எடுத்து ஒட்டியது. ஒட்டிய காலத்தில் அதற்குச் சாமி கும்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்களாம்.

"ஏம்மா, இன்னும் அவன் பேரு இன்னாத்துக்கு இங்க பல்ல இளிச்சிகினு கீது?"

"அது டேட்டாபேஸ் பேரு சார்."

"எதுவா வேணா இருக்கட்டும். காலங்காத்தால கம்ப்யூட்டரத் தொறந்தா அவன் மூஞ்சில முழிக்கிற மாதிரி கீது. மாத்து."

"வாசல் போர்டு மாதிரி பெயிண்ட் அடிச்சி மாத்த முடியாது சார்."

"பின்ன?"

பின்ன என்ன என்று விளக்க எனக்கு ஒரு டீ நேரம் ஆனது. டேட்டாபேஸ் எழுந்ததும் முதலில் படிப்பது ஒரு சின்ன ஃபைலை. அதற்குக் கண்ட்ரோல் ஃபைல் என்று பெயர். என் பெயர் என்ன, என்னைச் சேர்ந்த ஃபைல்கள் எவை, அவை எந்த டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரி. கார்டில் பேர் இருந்தால் குடும்பம். இல்லாவிட்டால் கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாலும் கணக்கில் ஆள் கிடையாது. குடும்பத்தின் பெயரை மாற்ற வேண்டுமானால் பழைய கார்டில் அடித்து எழுத முடியாது. புதுக் கார்டுதான் போட வேண்டும். புதுக் கார்டு போடும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் மறுபடி முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். இந்தக் காலத்து டேட்டாபேஸ்களில் பெயர் மாற்றுவதற்கென்றே தனியாக ஒரு கருவி உண்டு. எங்கள் டேட்டாபேஸ் அந்தக் கருவிக்கும் மூத்தது.

ரேஷன் கார்டு என்றதும் முதலாளிக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவர்கள் வீட்டில் அப்போதுதான் தனிக் கார்டு வாங்கியிருந்தார்கள்.

"அப்ப தனிக் கார்டு போட்டுடு. என் பேரப் புள்ள பேரு வையி."

பேரனுக்குத் தெய்வம், தாத்தா, நட்சத்திரம் எல்லாவற்றையும் கோத்து ஒரு பெயர் வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்றேன்.

"ஏன், உன் கம்ப்யூட்டரு இன்னா அவ்ளோ ஏழையா?"

ஜோசியருக்குப் போன் போட்டு, பேரனைப் பாதியாக வெட்டலாமா என்று கேட்டார். வெட்டலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, எனக்கும் அதுதான் வசதி. ஜோசியரும் நானும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

இத்துடன் போயிருந்தால் இது வெறும் பங்காளி வயிற்றெரிச்சல். சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஆடு பகை, குட்டி உறவா? எங்கள் எச்.ஆர். மேனேஜர் மறுநாளே என் அறைக்கு வந்தார். நல்ல இஸ்திரிச் சட்டை, மெல்லிய குரல். வாழ்க்கையில் எதையும் எழுத்தில் கொடுக்காத மனிதர். குட் மார்னிங்கைக்கூட வாயால்தான் சொல்லுவார், மெசேஜில் அனுப்ப மாட்டார்.

"மேடம், புதுசா கண்ட்ரோல் ஃபைல் போடும்போது எல்லா ஃபைல் பேரையும் நீங்கதான் எழுதணுமாமே?"

"ஆமா சார்."

"வார்ப்படம் யூனிட்டுக்குத் தனியா ஒரு ஃபைல் இருக்குல்ல, தம்பி சார் பேர்ல? அதை மட்டும் எழுத வேணாம். அந்த யூனிட்டே நம்மளோடது கிடையாது. லாஜிக்கா பாருங்க."

லாஜிக்காகப் பார்த்தேன். 

வார்ப்படத்தில் வேலை செய்துகொண்டிருந்த முப்பது பேருக்கு மேல், பிரிவினைக்கு முன்னாலேயே ஆள் பற்றாமல் கடைசல் பக்கம் இழுக்கப்பட்டவர்கள். இரவல் ஆட்கள் என்று அவர்களுக்குப் பெயர். சுவர் எழும்பியபோது அவர்கள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். "என் ஆளுங்க இல்ல, அவன்கிட்ட கேளு" என்றார் அண்ணன். "அங்கதான வேலை செய்றாங்க, அங்க கேளு" என்றார் தம்பி. மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு எனக்கு என்று அடித்துக்கொண்ட சகோதரர்கள் இந்த ஒரு சொத்தை மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் தொழிலாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் ஆனது. சிஸ்டத்தில் இருக்கிற வருகைப் பதிவை எடுத்துப் பார்ப்பது, தொடர்ந்து பல வருடம் வேலைக்கு வந்தவர்களை அண்ணன் கம்பெனி பர்மனென்ட் ஆக்குவது. அந்தப் பழைய வருகைப் பதிவு முழுக்க இருந்தது தம்பி பெயர் வைத்த அந்த ஃபைலில்.

அந்த ஃபைல் புதுக் கண்ட்ரோல் ஃபைலில் இல்லாவிட்டால், முப்பது பேரும் சுவர் கட்டிய அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எச்.ஆர். சொன்ன லாஜிக் இதுதான். முதலாளிக்குத் தம்பி பெயர் போனால் போதும், அவருக்கு இது தெரியாது. தெரிந்தவர் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு என் எதிரில் நின்றார்.

"சார், பேரு மாத்தி டேட்டாபேஸைத் தொறந்துட்டா, விட்டுப்போன ஃபைலை அப்பறம் சேர்க்கவே முடியாது" என்றேன்.

"அதான் வேணும். பேக்கப் இருக்கும்ல, கவலைப்படாதீங்க."

பேக்கப் இருக்கும்தான். அதைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் எச்.ஆர். கையெழுத்து வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அந்த இரவல் ஆட்களில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பாக்கத்துக்காரி. ஊரில் மற்றவர் கழனியில் நடவு நட்ட குடும்பம், இவள் தலைமுறையில்தான் கம்பெனிக்கு வந்தார்கள். வார்ப்படத்தில் கோர் ஷாப் என்று ஒன்று உண்டு. வால்வுக்குள்ளே தண்ணீர் போகிற வழி விழுவதற்காக மணலில் அச்சுப் பிடிக்கும் இடம். அங்கே மணல் பிசைந்துகொண்டிருந்தவளை இந்தப் பக்கம் கொண்டுவந்து இன்ஸ்பெக்‌ஷனில் போட்டார்கள். வேலை அதே கம்பெனியில், அதே ஷிப்டில். காண்ட்ராக்டர் மட்டும் வருடத்துக்கு ஒருவர். அதனால் காகிதத்தில் அவள் வருடா வருடம் புதிதாகப் பிறந்தாள். கேட்டில் விரல் வைத்த பதிவு மட்டும்தான் அவள் அத்தனை வருடமும் ஒரே ஆள் என்று சொல்லும்.

அந்த வாரம் ஸ்டேஷனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சென்னைப் பக்கம் போகிற ரயில், அவளுக்குச் சூளூர்ப்பேட்டைப் பக்கம் போகிற ரயில். இரண்டும் லேட். இந்த ஒரு விஷயத்தில் ரயில்வே யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை.

"இன்னா மேடம், கம்ப்யூட்டருக்குப் பேரு மாத்தப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"எச்.ஆர். சாருதான் கூப்பிட்டுச் சொன்னாரு. சிஸ்டம் மாறப் போவுது, பழசு எதுவும் வராது, இப்பவே புதுசா சேர்ற மாதிரி ஒரு கையெழுத்து போட்டுடு, உனக்குத்தான் நல்லதுன்னாரு."

"போட்டியா?"

"போடுவேனா? எனக்கு இன்னா கிறுக்கா புட்சிகீது? எனக்கு நல்லது செய்யணும்னு அந்தாளுக்கு எப்ப ஞானோதயம் வந்துச்சின்னு யோசிச்சேன். ஒண்ணும் சொல்லாம வந்துகினேன்." என் பக்கம் திரும்பினாள். "நெசமாவே பூடுமா மேடம்? அத்தினி வருசமும்?"

அவள் குரலில் இருந்த பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாதாரணமாக அவள் பேசினால் சூப்பர்வைசருக்குத்தான் பயம் வரும்.

"போகாது" என்றேன்.

"போச்சின்னா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு எனக்கு இன்னா வயசு திரும்பியா வரும்? வருசா வருசம் மேஸ்திரி மூஞ்சியப் பாத்துகினு, இந்த வாட்டி பேர எழுதுவானா மாட்டானான்னு நிக்கிறது. பேஜாரு மேடம் அது. செத்துடலாம் போல இருக்கும்."

அவள் ரயில் வந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இஸ்திரிச் சட்டையை வாயில் வந்தபடி திட்டினேன். பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எனக்குத் தொழிலாளர் சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த ஞானம் கிடையாது. ஆனால் என் தொழிலில் ஒரு தர்மம் உண்டு. டிஸ்க்கில் உயிரோடு இருக்கிற ஃபைலை, தெரிந்தே, கண்ட்ரோல் ஃபைலில் எழுதாமல் விடக் கூடாது. அப்படி விட்டால் டேட்டாபேஸே வாய் திறந்து கேட்கும். உள்ளே அதற்குத் தனியாக ஒரு நினைவு இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு ஃபைல் இருக்க வேண்டுமே என்று தேடும். கிடைக்காவிட்டால் 'மிஸ்ஸிங்' என்று பெயர் போட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கும். கூடப் பிறந்தவன் இல்லாத சாப்பாட்டு மேசையில் முதலாளி வீட்டார் அந்த மரியாதையைக்கூடச் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்வர் அறை முன்பு மர அச்சுகள் அடுக்கிவைத்த கிடங்கு. ஏ.சி. போட்டுவிட்டால் எதுவும் சர்வர் அறைதான். நான் நாஷ்டாவைக்கூட ரயிலில் முடித்துக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டேன். முழு பேக்கப் எடுத்தேன். பிறகு டேட்டாபேஸிடமே உன் கண்ட்ரோல் ஃபைலை எழுத்தாக எழுதிக் கொடு என்று கேட்டேன். அது கேட்டால் கொடுக்கும், எச்.ஆர். மாதிரி இல்லை. பெயர் இன்னது, ஃபைல்கள் இன்ன இன்ன என்று வரிசையாக ஒரு ஸ்கிரிப்ட் வந்தது. அதில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் பேரனின் பாதியைப் போட்டேன். இனி டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, இந்த ஸ்கிரிப்டை ஓட்டிப் புதுக் கண்ட்ரோல் ஃபைலை உண்டாக்கித் திறக்க வேண்டியதுதான்.

அப்போது எச்.ஆர். உள்ளே வந்தார். லீவு நாளில் பனியன் சட்டை. அதுவும் இஸ்திரி போட்டிருந்தது. பின்னால் நின்று திரையைப் படித்தார். தம்பி பெயர் உள்ள ஃபைல் வந்ததும் விரலை நீட்டி என் திரையிலேயே வைத்தார். எண்ணெய்க் கறை. வடை தின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"இது. இந்த லைனை எடுத்துடுங்க."

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன் சார்."

முதலாளி வரவேற்பறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராகுகாலம் வந்துவிடப்போகிறதே என்று வாசல் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதைக் கோபித்துக்கொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். எச்.ஆர். என் பின்னாலேயே வந்து நின்றார்.

"அவன் பேரு இருக்குற ஃபைலா? தூக்கிப் போடு" என்றார் முதலாளி.

"சார், முப்பது பேருக்கு மேல சர்வீஸ் அதுலதான் இருக்கு. அதப் பாத்துதான் பர்மனென்ட் பண்ணணும்னு ஒப்பந்தம்."

"அவன் ஆளுங்கதானம்மா?"

"இப்ப நம்ம ஆளுங்க சார். வருசக்கணக்கா வேலைக்கு வந்திருக்காங்க. அதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

"வந்தாங்க, கூலி வாங்கினாங்க, போனாங்க. அத்தோட முடிஞ்சிது."

பேப்பரைத் திருப்பினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இனி மனிதர்களைப் பற்றிப் பேசிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது. சரி, இந்த வீட்டில் எதற்கு மரியாதை உண்டோ அதைப் பற்றிப் பேசுவோம் என்று நினைத்தேன்.

"சரி சார், எடுத்துடறேன். இதுவரைக்கும் நாம வித்த எல்லா வால்வுக்கும் வார்ப்பு டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் அந்த ஃபைல்லதான் இருக்கு. அதுவும் போயிடும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு சப்ளை பண்ற பார்ட்டி போன மாசம் பழைய சர்ட்டிஃபிகேட் கேட்டாரே, இனிமே அவருக்கு இல்லன்னு சொல்லிடலாம்."

பேப்பர் கீழே விழுந்தது.

"அய்யய்யோ! இன்னாம்மா நீ, கொலைகாரியா இருப்ப போலகீதே! அத்த எடுத்துட்டா எவன் நம்மகிட்ட வாங்குவான்? எடுக்காத! தொடாத!" எச்.ஆர். பக்கம் திரும்பினார். "ஏன் நைனா, உனுக்கு மூளை கீதா இல்லியா? அத்தப் போயி எடுக்கச் சொல்ற?"

ஆக, கடலோரத்தில் தண்ணீருக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கிற இரும்பு எந்த நாளில் எந்த உலையில் ஊற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த இரும்புக்கு அச்சுப் பிடித்தவள் எந்த நாளில் வேலைக்கு வந்தாள் என்பதற்கு வேண்டாம். இரும்பாகப் பிறந்திருந்தால் அவளுக்கும் ஒரு சர்ட்டிஃபிகேட் கிடைத்திருக்கும். இதை நான் முதலாளியிடம் சொல்லவில்லை. மாதக் கடைசி.

"ஆனா அவன் பேரு இருக்கக் கூடாது" என்றார் முதலாளி, கொஞ்சம் மூச்சு வாங்கியபின்.

"ஃபைல் பேரை மட்டும் மாத்திடறேன் சார். உள்ள இருக்குறது அப்படியே இருக்கும்."

"அது போதும்."

சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி விடுவாரா? சர்வர் அறைக்குத் திரும்பி வந்ததும் எச்.ஆர். கதவைச் சாத்தினார். குரல் இன்னும் மெல்லியதாகிவிட்டது.

"ஓகே மேடம். ஃபைல் இருக்கட்டும். அதுக்குள்ள அட்டெண்டன்ஸ் மட்டும் டெலிட் பண்ணிடுங்க. சர்ட்டிஃபிகேட்டுக்கு அதனால ஒண்ணும் ஆகாதே."

"பண்ணிடலாம் சார். ஒரு மெயில் போட்டுடுங்க."

"மெயில் எதுக்கு? நான்தான் சொல்றேன்ல."

"டெலிட் பண்றதுன்னா மெயில் வேணும் சார். எந்த டேட்டா, எதுக்காக, யாரு சொல்லி. முதலாளிக்கு ஒரு காப்பி. ஒப்பந்தம் போட்ட ரெண்டு வக்கீலுக்கும் ஆளுக்கு ஒரு காப்பி. நீங்க அனுப்பின அடுத்த நிமிஷம் நான் டெலிட் பண்ணிடறேன்."

என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கையைக்கூடக் கட்டிக்கொண்டேன். இத்தனைக்கும் வேலை போய்விட்டால் கடம்பத்தூரில் எனக்காக யாரும் சர்வர் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

"நீங்க ரொம்ப ரூல்ஸ் பேசுறீங்க மேடம்."

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார்."

போனை எடுத்துப் பார்த்தார். ஏதோ தட்டுவதுபோல் ஆரம்பித்து நிறுத்தினார். "டீ சாப்பிட்டு வரேன்" என்று கிளம்பினார். அந்த டீயை எங்கே போய்க் குடித்தாரோ, அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

நான் டேட்டாபேஸை முறையாக நிறுத்தினேன். பழைய கண்ட்ரோல் ஃபைல்களை அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினேன். புதுக் கார்டு கைக்கு வரும் முன் பழையதைக் கிழிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி மழுங்கவில்லை. ஸ்கிரிப்டை ஓட்டினேன். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. ஒரு ஃபைலைக் காணவில்லையாம். எந்த ஃபைல் என்று பார்த்தேன். அதே ஃபைல்.

 நான் வெளியே போயிருந்தபோது யாராவது உள்ளே வந்து எதையாவது செய்துவிட்டார்களோ என்று ஃபோல்டரைத் திறந்தேன். ஃபைல் அங்கேயேதான் பத்திரமாகத் தம்பி பெயரோடு உட்கார்ந்திருந்தது. ஸ்கிரிப்டில் புதுப் பெயர் எழுதிய மகராசி, டிஸ்க்கில் மாற்றவில்லை. ஆத்திரக்காரிக்கு வேலை ஓடாது. என்னை நானே இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டு, டிஸ்க்கிலும் பெயரை மாற்றி, மறுபடி ஓட்டினேன். இந்த முறை புதுக் கண்ட்ரோல் ஃபைல் உருவாகிவிட்டது.

அடுத்தது திறப்பது. இந்த முறையில் திறந்தால் டேட்டாபேஸ் தன் மாற்றக் குறிப்புகளின் தொடர்ச்சியை அறுத்துவிட்டுப் புதுக் கணக்கு தொடங்கும், பின்வாங்க முடியாது. அதனால் ஃபைல் வரிசையை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன், அந்த எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு. எல்லோரும் இருந்தார்கள். என்டர் தட்டினேன். கர்சர் துடித்துக்கொண்டே நின்றது. வாயில் வராத சாமி பெயரெல்லாம் வந்தது. டேட்டாபேஸ் திறந்தது.

முதல் காரியமாக அவளுடைய எண்ணைப் போட்டுத் தேடினேன். கோர் ஷாப்பில் அவள் முதல் முதலாகக் கேட்டில் விரல் வைத்த நாளிலிருந்து, நேற்று சாயங்காலம் வெளியே போனது வரை, வரிசையாக வந்து விழுந்தது. பக்கம் பக்கமாக. பொங்கலுக்கு மறுநாளும் வந்திருக்கிறாள். புயல் அன்றும் வந்திருக்கிறாள். ஆளில்லாத அறையில் நான் "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏ.சி. காற்று என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

முதலாளி வந்து பார்த்தார். திரையில் பேரனின் பாதிப் பெயர். முகமெல்லாம் பல். போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். அந்தக் குழுவிலிருந்து தம்பியை நீக்க வீட்டில் யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தம்பி கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்.

"ஏம்மா, இது வாழ்த்தா, நக்கலா?" என்று என்னிடம் போனை நீட்டினார்.

"வாழ்த்துதான் சார்" என்றேன். பாவம், ஞாயிற்றுக்கிழமை.

பிறகு நடந்ததெல்லாம் கம்பெனிகளில் எப்படி நடக்குமோ அப்படி நடந்தது. சிஸ்டத்திலிருந்து வருகைப் பதிவை எடுக்கச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். எச்.ஆர். அதை வாங்கி வைத்துக்கொண்டு பிரிண்டரில் மை சரியில்லை என்றார், எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார், முதலாளி ஊரில் இல்லை என்றார். முதலாளி பக்கத்து அறையில் கொட்டாவி விட்டது எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, தான் போராடி வாங்கிக் கொடுத்ததுபோல் ஒவ்வொருவர் கையையும் குலுக்கிப் பர்மனென்ட் ஆர்டரைக் கொடுத்தார். போட்டோவும் எடுத்துக்கொண்டார். அவளுடைய ஆர்டரில் அவள் முதலில் சேர்ந்த தேதியே இருந்தது. வாங்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்று, என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் ஒருநாள் அவள் வேலைக்கு வரவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேசை காலியாக இருந்தது. அவள் வராமல் நான் பார்த்ததே இல்லை. எச்.ஆர். ஏதாவது கிளப்பிவிட்டாரோ, உடம்புக்கு ஏதாவதா, வீட்டில் யாருக்காவது ஆகாதது ஆகிவிட்டதா என்று பகல் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"நேத்து இன்னா ஆச்சு? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு இன்னா மேடம், நல்லாத்தான் கீது. லீவு போட்டேன்."

"ஊட்ல எதுனா விசேஷமா?"

"ஒண்ணியும் இல்ல." சிரித்தாள். பிறகு, யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுபோல் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, என் காதருகே வந்து சொன்னாள்.

"தூங்கினேன் மேடம். போன ஆஃப் பண்ணிட்டு, பகல் பூரா தூங்கினேன். சம்பளத்தோட."